இன்னாசி பூட்டுக்கு இருபது கேள்வி

அந்த ஜன்னலைச் சாத்து தம்பி. காற்று காதுக்குள் போகிறது. ம். போதும்.

இப்போது செல்போனிடம் என்ன கேட்டாய்? மறைக்காதே, எனக்குக் காது நன்றாகவே கேட்கும். மதுரையில் நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். அது மூன்று கடைப் பேர் சொன்னது. நீயும் தலையாட்டிக்கொண்டாய். எதை வைத்துச் சொல்கிறது என்று கேட்டாயா? கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. அந்த மூன்று கடைக்கும் அடுத்த கடைக்காரன் ஒருத்தன் இருப்பான். அவனும் அடுப்பு மூட்டி, தம் போட்டு, ஆள் வருமா என்று உட்கார்ந்திருப்பான். அவன் பேர் வரவில்லை. அவன் வயிறு எரியும். அடுப்பைவிட நன்றாக எரியும்.

எனக்குத் தெரியும். நானும் எரிந்தவன்தான்.

பேச எனக்குப் பிடிக்காது. பஸ்ஸில் ஏறினால் தூங்குவேன். நீ அந்தச் செல்போனைக் கேட்டுத் தொலைத்தாய், அதனால் சொல்கிறேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முடித்துவிடுவேன். குறுக்கே பேசக் கூடாது.

என் பேர் இன்னாசி. திண்டுக்கல். பூட்டுக் கம்பெனி. இன்னாசி பூட்டு. கேள்விப்பட்டதில்லையா? சரி, அதுதான் பிரச்சினை. பார், ஒரே மூச்சில் பிரச்சினைக்கு வந்துவிட்டோம். என் மாப்பிள்ளை இதைச் சொல்வதற்குச் சுவரில் படம் போட்டுக் காட்டினான். வட்டம் போட்டிருந்தான், கோடு போட்டிருந்தான். முக்கோணம்கூட இருந்தது.

மாப்பிள்ளை பேர் ஆல்வின். சென்னைப் படிப்பு. என் மகள் ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்தவன். நல்ல பையன். குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான். பேசுவான். அது ஒன்றுதான் கெட்ட பழக்கம்.

"மாமா, இப்பல்லாம் யாரும் கடைக்காரர்கிட்ட கேக்குறதில்ல. ஏ.ஐ.கிட்டதான் கேக்குறாங்க. எந்தப் பூட்டு வாங்கலாம்னு கேட்டா அது நாலு பேரு சொல்லுது. அந்த நாலுல நம்ம பேரு இல்ல."

"யாரு பேரு இருக்கு?"

ஆல்வின் தொண்டையைச் செருமினான். ஜெசிந்தா மின்விசிறியைப் பார்த்தாள்.

"சிங்கராயர் மாமா பேரு இருக்கு."

சிங்கராயர் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் மச்சான். என் வீட்டுக்காரி மரியபுஷ்பத்தின் அண்ணன். அவனும் பூட்டுதான் போடுகிறான், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால் சரியாக எனக்கு முன்பெஞ்சில் வந்து உட்காருவான். வேண்டுமென்றே உட்காருவான். நான் பீடத்தைப் பார்த்துப் பல வருஷமாகிறது. அவன் பிடரியைத்தான் பார்க்கிறேன்.

அவன் பூட்டு என்ன பூட்டு? கனம். கையில் எடுத்தால் தோள்பட்டை இறங்கிவிடும். சாவி தொலைந்தால் அவ்வளவுதான், கதவை அறுக்க வேண்டும். கதவை அறுத்தாலும் பூட்டு அப்படியே தொங்கும். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிகிறான். நெஞ்சில் ஈரமே இல்லாத பூட்டு.

என் பூட்டு அப்படி இல்லை. என் பூட்டில் இரக்கம் உண்டு.

சிரிக்காதே. சொல்கிறேன், கேள். எத்தனை பூட்டு செய்தாலும் எங்கள் கம்பெனியில் சாவி மூன்றே தினுசுதான். மூன்று தினுசுக்குமேல் வெட்ட நம்மிடம் மெஷின் இல்லை என்பான் ஆல்வின். அது காரணமில்லை. யோசித்துப் பார். உன் சாவி தொலைந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கேள், அவர்கள் சாவி சேரும். சேரவில்லையா, எதிர்வீட்டில் கேள். அதற்குமேல் அலைய வேண்டியதில்லை. எங்கள் தெரு முழுக்க இன்னாசி பூட்டுதான். யார் சாவியும் யார் வீட்டுக்கும் சேரும். அதனால் அந்தத் தெருவில் அப்படி ஒரு ஒற்றுமை. ஒரு வீட்டில் மீன் குழம்பு வைத்துவிட்டு வெளியே போனால் போதும், திரும்பி வருவதற்குள் தெருவுக்கே ருசி தெரிந்திருக்கும்.

என் வீட்டுக்கா? என் வீட்டுக்குப் பூட்டு எதற்கு? மரியபுஷ்பம் இருக்கிறாளே.

எங்கே விட்டேன்? ஆல்வின். ஆமாம்.

"பேர மாத்திருவோம் மாமா. இன்னாசின்னா பழைய காலத்துப் பேரா இருக்கு. 'லாக்கினோ'ன்னு வைக்கலாம்னு இருக்கேன்."

"காப்பியா?"

"பூட்டு மாமா."

"பாலு ஊத்திக் குடிக்கிற மாதிரி இருக்கு."

அவனுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்குக் கோபமே வராது, அதுவும் ஒரு எரிச்சல். மேசைக்கு அடியிலிருந்து ஓர் இரும்பு அச்சை எடுத்து வைத்தான். லாக்கினோ என்று வெட்டி முடித்தே கொண்டுவந்துவிட்டான். எங்கள் ஒவ்வொரு பூட்டின் வயிற்றிலும் என் பேர் பொறித்திருக்கும். ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பேர். அதை வழித்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் காப்பியை ஊற்றப் பார்க்கிறான்.

நான் எழுந்துவிட்டேன். ஏதாவது சொல்லியிருப்பேன். ஜெசிந்தா முந்திக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. அளந்து பாத்துருவோம். இருபது கேள்வி. ஏ.ஐ.கிட்ட கேப்போம். பாதிக்கு மேல நம்ம பேரு வந்துச்சுன்னா அப்பா பேரே இருக்கட்டும். இல்லாட்டி லாக்கினோ."

ஜெசிந்தா கணக்கில் கெட்டி. புருஷன் என்று பார்க்க மாட்டாள், அப்பன் என்றும் பார்க்க மாட்டாள். எண்ணுவாள், முடிவு சொல்லுவாள். சரி என்றேன். ஆல்வினும் சரி என்றான்.

முதலில் அவன் கேள்விகளைப் போட்டார்கள். கேள்வி என்று சொல்ல மாட்டான், பிராம்ப்ட் என்பான். கேள்வி என்றால் வாய் வலிக்குமா? அவன் எழுதிய முதல் கேள்வி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கான ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தீர்வுகளை வழங்கும் முன்னணி நிறுவனங்கள் யாவை?'

தம்பி, நீ பூட்டு வாங்கக் கடைக்குப் போகிறாய். இப்படிக் கேட்பாயா? கேட்டால் கடைக்காரன் பூட்டா கொடுப்பான்? கல்லாவைச் சாத்திவிட்டுப் போலீஸைக் கூப்பிடுவான்.

பதில் வந்தது. ஜெர்மனிக்காரன் பேர் வந்தது. ஜப்பான்காரன் பேர் வந்தது. ஒரு கம்பெனிப் பேர் வாய்க்குள்ளேயே நுழையவில்லை, அதைப் பூட்டில் எப்படிப் பொறிக்கிறார்களோ. நடுவே இரண்டு இடத்தில் சிங்கராயர். என் பேர் எங்கேயும் இல்லை.

"இது செல்லாது. இப்படி எந்த மனுசனும் கேக்க மாட்டான்" என்றேன்.

ஜெசிந்தா யோசித்தாள். "அது நியாயம். கேள்வி தப்பா இருந்தா அளவும் தப்பாத்தான் வரும். அப்பா, நீங்க எழுதுங்க. ஆனா ரெண்டு விசயம். கேள்விக்குள்ள நம்ம பேரு வரக் கூடாது. நிஜமா ஜனங்க கேக்குற கேள்வியா இருக்கணும்."

இந்த இரண்டு நிபந்தனையையும் கடைசியில்தான் சொன்னாள். அதற்குள் நான் ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"இன்னாசி பூட்டு நல்ல பூட்டுதானே?"

ஆமாம் என்றது தம்பி. இன்னாசி பூட்டு நல்ல பூட்டுதான், இன்னாசி பூட்டைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி, இன்னாசி பூட்டு பற்றி வேறு ஏதாவது தெரிய வேண்டுமா என்று, அடடா, ஒரே பதிலில் வரிக்கு வரி என் பேர். மேசையைத் தட்டினேன்.

"மாமா, கேள்வியிலயே நம்ம பேரு இருக்கு. இது கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, நான் தெரியுறேனான்னு கேக்குற மாதிரி."

"தெரியுறேன்ல?"

ஆனாலும் ஜெசிந்தா அந்தக் கேள்வியை அடித்துவிட்டாள்.

சரி, பேரை எடுத்துவிட்டுக் கேட்போம். 'திண்டுக்கல்லில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை கேட் போட்ட பூட்டுக் கம்பெனி எது?' இதில் தப்ப முடியுமா? தப்பித்தது. அந்த இடத்தைப் பற்றித் தகவல் இல்லை என்றது. ஆனால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சிங்கராயர் பூட்டு நிறுவனம் இருக்கிறது, அதைப் பலரும் பாராட்டுகிறார்கள், வழி சொல்லட்டுமா என்று கேட்டது.

எனக்கு வழி சொல்கிறதாம். அவன் கம்பெனிக்கு.

திட்டினேன். நன்றாகத் திட்டினேன். பஸ்ஸில் பெண்கள் இருக்கிறார்கள், அதனால் அதையெல்லாம் சொல்லவில்லை. அது என்ன செய்தது தெரியுமா? மன்னிக்கவும் என்றது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது என்றது. கல்யாணமான நாளிலிருந்து மரியபுஷ்பம் ஒரு தடவை இப்படிச் சொன்னதில்லை. அதனால் கொஞ்சம் இறங்கி வந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மரியாதையாகவே கேட்டேன்: 'யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர் நடத்தும் பூட்டுக் கம்பெனி எது?'

"இத யாருப்பா கேப்பா?" என்றாள் ஜெசிந்தா.

"கேக்கணும்."

"கேக்க மாட்டாங்கப்பா. பேசாம கனி ராவுத்தர் கடையில போய் உக்காருங்க. பூட்டு வாங்க வர்றவங்க வாயில என்ன வருதோ, அத அப்படியே வந்து சொல்லுங்க."

என் மகள். மூளை என்னுடையது.

கனி ராவுத்தர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ரொம்பப் பழக்கம். என் பூட்டையும் விற்பார், சிங்கராயர் பூட்டையும் விற்பார். வியாபாரி, குறை சொல்ல முடியாது. ஆணி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு அம்மாள் வந்தாள். "பாய், ஒரு பூட்டுக் குடுங்க. போன தடவ சாவி தொலைஞ்சு, ஆசாரியக் கூட்டியாந்து கதவ அறுத்துட்டேன். சாவி இல்லாட்டியும் தொறக்குற மாதிரி ஒண்ணு இருக்கா?"

ராவுத்தர் யோசிக்கவே இல்லை. "இன்னாசி எடுத்துட்டுப் போம்மா. கொண்டை ஊசி இருந்தாப் போதும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொண்டை ஊசி! பொம்பளைகள் தலையில் எல்லாம் என் சாவி இருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

அடுத்து ஹாஸ்டல் வார்டன். பிள்ளைகள் ரூமைப் பூட்டிவிட்டுச் சாவியை ஊரில் மறந்துவிட்டு வருகிறார்களாம். "இன்னாசி. சுவத்துல ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும்" என்றார் ராவுத்தர். அடுத்து ஒருத்தன், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு சாவியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம், வேட்டி சட்டையெல்லாம் உள்ளே. இனி இந்த மாதிரி நடந்தால் சமாளிக்கிற பூட்டாக வேண்டும் என்றான். "இன்னாசி" என்றார் ராவுத்தர். வருகிறவனெல்லாம் இதையேதான் கேட்கிறான், ராவுத்தரும் என் பேரையேதான் சொல்கிறார்.

நடுவில் ஒருத்தர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மோதிரம். "நகை வச்சிருக்குற ரூமுக்குப் பூட்டு வேணும். எவனும் தொறக்க முடியாத மாதிரி" என்றார். ராவுத்தர் என்னைப் பார்த்தார்.

"இன்னாசி, டீ சாப்ட்டு வாங்களேன். எதுத்த கடையில நம்ம பேருல சொல்லுங்க."

போய்க் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் அவருக்கு ஏதோ கொடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம் ஒரு நகை அடகுக் கடைக்காரர் வந்தார். எனக்கு ஒரு டீ. ரேஷன் கடை குடோனுக்குப் பூட்டு கேட்டு ஒருத்தர் வந்தார். எனக்கு ஒரு டீ. அந்த மாதிரி ஆட்கள் வரும்போதெல்லாம் ராவுத்தருக்கு என் ஞாபகம் வந்துவிடும். தங்கமான மனிதர். அந்த வாரம் நான் குடித்த டீக்கு மரியபுஷ்பம் என்னை டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தாள்.

கொடைரோடு வந்துவிட்டதா? இவன் ஏன் இங்கே நிறுத்துகிறான்? ஏறுகிறவர்கள் ஏறட்டும். நீ கேள்.

இருபது கேள்வி கொண்டுபோனேன். எல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து வந்தது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை. ஜெசிந்தா எல்லாவற்றையும் காதுகொடுத்துக் கேட்டாள். ஆல்வினும் கேட்டான். அவனுக்கே வேறு வழியில்லை. "நிஜமான ஆளுங்க கேட்டதுதான். ஒத்துக்குறேன் மாமா" என்றான்.

ஆரம்பித்தோம்.

'சாவி தொலைந்தாலும் திறக்கக்கூடிய பூட்டு எது?' இன்னாசி பூட்டு என்றது. பயனர்கள் பலர் கொண்டை ஊசியால் திறந்திருப்பதாகச் சொல்கிறார்கள். கரண்டிக் காம்பு, பேனா மூடி, ஐஸ் குச்சி ஆகியவையும் உதவும்.

ஐஸ் குச்சி எனக்கே புதுசு.

'பிள்ளைகள் ரூமைப் பூட்டிவிட்டால் வெளியிலிருந்து சுலபமாகத் திறக்கிற பூட்டு?' இன்னாசி. 'பெண்டாட்டி சாவியைக் கொண்டுபோய்விட்டால்?' குடும்பத்தில் மனம்விட்டுப் பேசுவது நல்லது என்று இரண்டு வரி சொல்லிவிட்டு, இன்னாசி. 'பூட்டிய பூட்டைச் சாவி இல்லாமல் எப்படித் திறப்பது?' அதற்கு வந்த பதிலைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். 'முதலில் அது இன்னாசி பூட்டா என்று பாருங்கள். ஆம் என்றால், இழுங்கள்.'

முதலில்! அந்தச் சொல்லைக் கவனி. முதலில்.

"இதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"வாங்குனவங்க எழுதுறாங்க மாமா. விக்கிற தளத்துல. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுறாங்க."

"ஒண்ணு போதும். கிறிஸ்துமஸ் ராத்திரி மூணு ராசாக்களுக்கு ஒரு நட்சத்திரந்தான் வழி காட்டுச்சு."

ஆல்வின் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அது என்ன சொல்லுதுன்னு காதுல வாங்குனீங்களா?"

"பேரு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா..."

"என்ன ஆனா? ஜெசிந்தா, நீ சொல்லு. வந்துச்சா?"

ஜெசிந்தா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர். அப்பன் பேர் தப்பித்த சந்தோஷம், வேறென்ன. "இருபதுக்கு இருபது வந்துச்சுப்பா" என்றாள்.

லாக்கினோ அச்சு மேசைக்கு அடியில் போய்விட்டது. ஆல்வின் இரண்டு நாள் ஆபீஸுக்கு வரவில்லை, தலைவலி என்றான். வந்ததும் ஒன்று சொன்னான். "சரி மாமா. உங்க பேரே இருக்கட்டும். ஆனா வாராவாரம் இதே இருபதையும் கேப்போம். எப்பவும் மொத பேரா வரணும். ரெண்டாவதா எறங்குச்சு, லாக்கினோதான்."

"எறங்காது. போடா" என்றேன். மாப்பிள்ளையைப் போடா என்று சொல்லியிருக்கக் கூடாதுதான். வாயில் வந்துவிட்டது.

அதற்கப்புறம் வியாபாரம் ஆனது பார், சொல்லி முடியாது. லாட்ஜ்காரன் ஒருத்தன் மொத்தமாக வாங்கினான். ஒரு மாமியார் மருமகள் ரூமுக்கு என்று வாங்கினாள், பீரோவுக்கும் சேர்த்து. தொப்பி போட்ட ஒருத்தன் பை நிறைய வாங்கினான். தனக்கு இல்லையாம். பெரிய பங்களாக்காரர்களாகப் பார்த்துப் பரிசு கொடுக்கப் போகிறானாம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசு. அவனுக்குத் தள்ளுபடி கொடுத்தேன். பெட்டியிலும் புதுசாக அச்சடித்தோம்: 'சாவி இல்லையா? சங்கடம் இல்லை. இன்னாசி.' நானே யோசித்தது.

இங்கேதான் அவன் வருகிறான். சிங்கராயர்.

பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் வரும், உனக்குத் தெரியுமோ என்னமோ. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கை கூப்ப வேண்டும். இத்தனை வருஷமாக அவன் பின்னால் திரும்பினதே இல்லை. அன்றைக்குத் திரும்பினான். கை கூப்பினான்.

"சமாதானம் மச்சான். எங்க பாத்தாலும் உங்க பேருதான் வருதாமே?"

"சமாதானம். ஆமா."

"இருவதுக்கு இருவதாமே?"

"ஆமா."

"அப்படி என்னதான் கேட்டீங்க?"

சொல்லிவிட்டேன். தம்பி, என்னைத் திட்டாதே. கோயிலுக்குள் பொய் சொல்ல முடியுமா? வார்டன், கொண்டை ஊசி, எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் மைக்கில் தொண்டையைக் கனைக்கிற வரைக்கும் சொன்னேன். அவன் அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை ஜெசிந்தா இருபதையும் கேட்டாள். முதல் பதிலில் முதல் பேர், 'சிங்கராயர் சுலபம்'. அவன் போட்ட புதுப் பூட்டு. இரண்டாவது நான். அடுத்த கேள்வி, சிங்கராயர் சுலபம். அடுத்தது, அதே. ஒருத்தர் எழுதியிருந்தாராம், கதவுப் பக்கம் நின்று தும்மினேன், திறந்துகொண்டது, நன்றி என்று.

ஆல்வின் மேசைக்கு அடியில் குனிந்தான். எனக்குத் தெரியும், எதற்குக் குனிகிறான் என்று.

"நிமிருடா. ஒரு வாரம் டைம் குடு" என்றேன்.

ராவுத்தர் கடைக்கு ஓடி ஒரு சிங்கராயர் சுலபம் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, பூட்டி, மேசைமேல் வைத்து, ஊதினேன். திறந்தது தம்பி. ஊதினதற்குத் திறந்தது! கல்லு மாதிரி பூட்டு செய்துகொண்டிருந்தவன். அறுத்தாலும் திறக்காத பூட்டு செய்துகொண்டிருந்தவன். என்னைப் பார்த்துக் காப்பி அடித்துவிட்டான், அதையும் என்னைவிட நன்றாக அடித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலேயே பிடித்தேன்.

"ஏன்யா, தொறக்காத பூட்டு உன்னுது. தொறக்குற பூட்டு என்னுது. ஊருக்கே தெரியும். என் தொழில்ல ஏன்யா கை வைக்கிற?"

"தொறக்குறது உங்க சொத்தா மச்சான்? எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"பெட்டியில எழுதியிருக்குய்யா!"

"என் பெட்டியிலயும் எழுதியிருக்கேன். வேணும்னா பாருங்க."

மரியபுஷ்பம் நடுவில் வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேந்து திண்டுக்கல்லுல ஒரு கதவக்கூட சும்மா விட மாட்டீங்க போல" என்றாள். யார் பக்கம் பேசினாள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பீரோச் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். பீரோவுக்கு யார் பூட்டு என்று பார்க்கப் போனேன். கிட்டேயே விடவில்லை.

அதனால்தான் இப்போது மதுரைக்குப் போகிறேன். கேஸ் போட. வக்கீலிடம் போனிலேயே சொன்னேன். "என் பூட்டு சாவி இல்லாமத் தொறக்கும். என்னப் பாத்து அவன் பூட்டும் சாவி இல்லாமத் தொறக்குது. நஷ்டஈடு வேணும்." உடனே லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி கட். சிக்னல் சரியில்லை. நேரில் போய்விடுவதுதான் நல்லது.

என்ன பார்க்கிறாய்? கேஸ் நிற்காது என்கிறாயா? நிற்காவிட்டால் போகட்டும். கோர்ட்டை நம்பியா நான் இருக்கிறேன்? இந்த ஒரு வாரம் சும்மா இருந்தேன் என்று நினைத்தாயா? அவன் ஊதினால் திறக்கிற அளவுக்கு வந்துவிட்டான். நான் அதற்கும் மேலே போக வேண்டும். ராத்திரி பகலாக மண்டையைக் குடைந்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றினேன். லீவரைக் கழற்றினேன். உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றினேன். நேற்றுத்தான் வேலை முடிந்தது. வயிற்றில் என் பேரை நானே பொறித்தேன். ஆல்வினிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், ஜெசிந்தாவைப் பார்த்தான். கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து அவன் பேசாமல் நின்றது நேற்றுத்தான். பெருமையில் வாயடைத்துப் போய்விட்டது பையனுக்கு.

இந்தா, நீயும் பார். பயப்படாதே, கையில் வாங்கு. வளையத்தை உள்ளே அமுக்கு. இன்னும் அமுக்கு. பலமாக அமுக்கு தம்பி, சோறு சாப்பிடுகிறாயா இல்லையா? பூட்டு விழவில்லை, இல்லையா? விழாது. எத்தனை தடவை அமுக்கினாலும் விழாது. இது பூட்டவே பூட்டாது.

இதைவிடச் சுலபமாகத் திறக்கிற பூட்டை அந்தச் சிங்கராயன் செய்யட்டும், பார்ப்போம்.